கண் மங்கிவரும் ஆயாவுக்கும் சேர்த்து வீடு கட்டுகிறோம்: தரை, சீலிங் பற்றி யோசனை வேண்டும்

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற வழியில் எங்கள் மாந்தோப்பு. தோப்புக்குள்ளேயே பழைய ஓட்டு வீடு. அதை இடிக்காமல் பக்கத்தில் 1,100 சதுர அடியில் புது வீடு போடுகிறோம். பேஸ்மட்டம் ஒன்றரை அடி. சுவர் லிண்டல் வரை வந்துவிட்டது. மேல் தளம் இன்னும் போடவில்லை.

விஷயம் எங்கள் ஆயா. எண்பதைத் தாண்டியவர். கண்ணில் நீர் அழுத்த நோய் (குளுக்கோமா). நேருக்கு நேர் நின்றால் ஆள் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் பழைய வீட்டில் அவரைப் பார்த்தால் கண்ணில் குறை என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அடுப்படி, திண்ணை, தண்ணீர்த் தொட்டி என்று தடுமாறாமல் போய் வருவார். இன்றைக்கும் களி கிண்டுவது அவர்தான், எங்கள் அம்மாவைக் கிட்டவே விடமாட்டார்.

பொங்கலுக்கு ஓசூரில் அண்ணன் கட்டியிருக்கும் வீட்டுக்கு ஆயாவைக் கூட்டிப்போனோம். வெள்ளை வெளேர் என்று பளபளக்கும் டைல்ஸ், பால்ஸ் சீலிங், பெரிய கண்ணாடி ஜன்னல்கள். போட்டோவில் அள்ளும். ஆயா சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பாத்ரூம் போகக் கூட ஆள் வேண்டும் என்றார். கேட்டதற்கு, "இந்த வூட்டுல ஒருத்தர் பேசினா நாலு பக்கமும் கேக்குது கண்ணு. தரை எங்க முடியுது, சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல" என்றார்.

எங்கள் இன்ஜினியர் போட்டிருக்கும் எஸ்டிமேட்டும் கிட்டத்தட்ட அதே வீடுதான். வாசல் முதல் சமையல்கட்டு வரை ஒரே நாலுக்கு ரெண்டு டைல்ஸ். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆயா கண்ணை மட்டும் நம்பாமல், காதாலும் காலாலும் கையாலும் வீட்டைத் தெரிந்துகொள்கிற மாதிரி கட்ட வழி உண்டா? பணம் கையைக் கடிக்காமல் இருக்க வேண்டும். தளம் போடுவதற்குள் முடிவு பண்ணியாக வேண்டும்.

---

பென்னாகரத்தான் எழுதியது:

தம்பி, ரொம்ப யோசிக்காதீங்க. பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ், கைப்பிடிக் கம்பி ரெண்டு, ராத்திரி எரிய ஒரு சின்ன லைட். படிக்கு ஒரு கைப்பிடி. வேலை முடிந்தது. ஐம்புலன், கட்டிடக் கலை என்பதெல்லாம் ஆர்க்கிடெக்ட்கள் பீஸ் வாங்கப் பேசுகிற பேச்சு. வயசானவங்க எந்த வீட்டுக்குப் போனாலும் பழக ஆறு மாசம் ஆகும்.

---

கல்லுக்காரர் மகள் (கிருஷ்ணகிரி) எழுதியது:

பென்னாகரத்தான் அண்ணன் சொன்ன நாலையும் முதலில் செய்யுங்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் அதோடு நின்றால் ஓசூர் வீடுதான் திரும்ப வரும். அந்த வீட்டில் ஆயா வழுக்கி விழவில்லையே. உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே முடியாமல் போனதுதானே பிரச்சினை?

நான் சைட் இன்ஜினியர். அப்பா கல் உடைக்கிற தொழில். கட்டிடத்தைத் தொட்டுப் பார்க்காமல் எனக்குக் கணக்குப் போட வராது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தம். எஸ்டிமேட்டில் யாரும் எழுதாத அயிட்டம் அது, ஆயா முதலில் சொன்னதும் அதைத்தான்.

உங்கள் ஹால் 16க்கு 12, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று 1,920 கன அடி. நாலு சுவர், தரை, சீலிங் எல்லாம் கூட்டினால் 944 சதுர அடி. டைல்ஸ், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவர், கண்ணாடி இவையெல்லாம் தன்மேல் விழுகிற சத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கை உறிஞ்சினாலே அதிகம். மீதியைத் திருப்பி அடித்துவிடும். கணக்கு இதுதான்: கன அளவை 0.049-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (944-இல் நூற்றுக்கு மூன்று, சுமார் 28) வகுக்க வேண்டும். உங்கள் காலி ஹாலுக்கு மூன்று விநாடிக்கு மேல் வரும். அதாவது ஒரு வார்த்தை பேசினால் அது முழுதும் அடங்க அவ்வளவு நேரம். அதற்குள் அடுத்த வாக்கியமே பேசி முடித்திருப்பீர்கள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். எந்தப் பக்கத்திலிருந்து பேசினீர்கள் என்பதும் அதில் கலைந்துவிடும். ஆயா சொன்னது புலம்பல் இல்லை, அளந்து பார்த்தாலும் அதுதான் வரும்.

இந்தச் சூத்திரம் வந்த கதையும் இதே மாதிரிதான். அமெரிக்காவில் ஹார்வர்டில் 1895-இல் புதிதாகக் கட்டின ஒரு அரங்கத்தில் வாத்தியார் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் ராத்திரி ஊர் அடங்கின பிறகு பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து போட்டு, ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் எனக்குப் பிடித்தது: ஒரு சதுர அடி திறந்த ஜன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராது இல்லையா, அதனால் அது முழு உறிஞ்சல். உங்கள் நாலுக்கு நாலு ஜன்னலைத் திறந்தாலே 16 கிடைக்கும். மூடின ஹாலின் மொத்த உறிஞ்சலே 28 தான்! இப்போது பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். ஓட்டுச் சந்து, திறந்த திண்ணை, மூட்டை, கயிற்றுக் கட்டில், கொடியில் தொங்குகிற துணி. அங்கே சத்தம் எங்கே சுற்றும்?

இன்னும் ஒரு 80 சேர்த்தால் ஹால் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். அதற்கு ஸ்டூடியோ மாதிரி பஞ்சு ஒட்ட வேண்டியதில்லை. மடிப்பு நிறைய வைத்த கனமான பருத்தித் திரை, துணி வைத்த திறந்த அலமாரி, ஒரு இலவம்பஞ்சு மெத்தைக் கட்டில் போதும். பவானி ஜமுக்காளம் ஒன்றைச் சுவரிலிருந்து மூன்று நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள், சுவரோடு ஒட்டினால் பலன் குறையும். பால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம்.

தளம் போடவில்லை என்றீர்களே, அது நல்ல காலம். ஃபில்லர் ஸ்லாப் பற்றி இன்ஜினியரிடம் கேளுங்கள். தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட் சும்மா எடைக்குத்தான் இருக்கிறது, இழுவையைத் தாங்குவது கம்பி. அந்தக் கான்கிரீட் இருக்கிற இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே சீமை ஓட்டைக் கவிழ்த்து வைத்துப் போடுவது. லாரி பேக்கர் கேரளாவில் நிறையக் கட்டிக் காட்டினார். கான்கிரீட் மிச்சம், வெயில் இறங்குவதும் குறையும். கீழே ஓட்டைப் பூசாமல் விட்டால் சீலிங் மேடு பள்ளமாக இருக்கும், சத்தம் ஒரே மாதிரி திரும்பாமல் சிதறும். பழைய வீட்டு ஓடு நல்ல நிலையில் உபரியாக இருந்தால் அதையே ஊறவைத்து வைக்கலாம். ஆனால் இதற்குக் கம்பி டிசைனே வேறு. தெரிந்த ஸ்ட்ரக்சுரல் ஆள் வரைந்து கொடுக்காமல் மேஸ்திரி பேச்சைக் கேட்டுச் செய்துவிடாதீர்கள்.

அடுத்தது தரை. இதைப் பற்றி எனக்கு நிறைய ஆற்றாமை உண்டு. கிருஷ்ணகிரிக் கல் கப்பலேறிப் போகிறது, நாம் வடக்கிலிருந்து டைல்ஸ் வரவழைத்து ஒட்டுகிறோம். சுவிட்சர்லாந்தில் வால்ஸ் என்ற மலைக் கிராமத்தில் பீட்டர் சும்தோர் 1996-இல் ஒரு குளியல் இல்லம் கட்டி முடித்தார். அந்த ஊர்ப் பக்கத்துக் கல்லையே அறுத்து 60,000 பலகையாக அடுக்கியிருக்கிறார். உலகம் முழுக்க அதைத் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள். இங்கே அறுவை மில் வாசலில் ஓரத் துண்டுகள் மலையாகக் கிடக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் மூன்று விதத் தரை போதும். திண்ணையும் வாசலும் சொரசொரப்பான கிரானைட், ஃபிளேம் அடித்தது. நெருப்பைக் காட்டினால் கல்லில் இருக்கிற படிகங்கள் விரிந்து மேல்தோல் பொரிந்துவிடும், மழையில் கூட வழுக்காது. ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் சிவப்பு ஆக்சைடு தரை. நல்ல கைக்காரர் கிடைக்கவில்லை என்றால் மங்கலான மேட் டைல்ஸ். சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நுழைகிற இடத்தில் மட்டும் ஒரு அடி அகலத்துக்குக் கொத்தின கல் பட்டை. தரையோடு தரையாக, துளியும் மேடு இல்லாமல். இதற்குப் பெரிய கான்ட்ராக்டர் வேண்டாம். காவேரிப்பட்டணம் சந்தையில் விசாரியுங்கள், அம்மி கொத்துகிறவர் யாராவது வருவார். உளியை அரை அங்குல இடைவெளியில் நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள், கோடுகள் நடக்கிற திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும். நீளவாக்கில் ஓடினால் பாதம் உணராது. வேலை முடிந்ததும் கண்ணை மூடி, தேய்ந்த ரப்பர் செருப்போடு ஒரு தரம், வெறுங்காலோடு ஒரு தரம் நீங்களே மிதித்துப் பாருங்கள்.

கல் குளிரும் என்று வீட்டில் சண்டை வரும். அறையில் கல்லும் மரமும் ஒரே சூட்டில்தான் இருக்கும். கல் நம் பாதத்துச் சூட்டைப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்வதால் சில்லென்று படுகிறது. மார்கழியில் ஆயா கட்டிலை விட்டு இறங்குகிற இடத்தில் ஒரு கோரைப்பாய் போட்டால் தீர்ந்தது, ஓரத்தை மட்டும் ஒட்டிவிடுங்கள். அந்தச் சில்லிப்பும் ஒரு அடையாளம்தான். தர்மபுரி கோட்டைக் கோயிலில் எல்லாரும் தொங்கும் தூணின் அடியில் துணியை விட்டுப் பார்ப்பதற்கு முண்டியடிப்பார்கள். நான் போனால் வெயில் காய்ந்த வெளிக்கல்லிலிருந்து மண்டபத்துக்குள் கால் வைக்கிற அந்த ஓர் அடியைத்தான் கவனிப்பேன். சூடு போய்விடும், சத்தம் அடங்கிவிடும், எண்ணெய் வாசம் வந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

முக்கியமான ஒரு கேள்வி. ஆயாவுக்குச் சர்க்கரை உண்டா? பாதம் மரத்துப்போயிருந்தால் தரையில் செய்கிற வேலை பாதி வீண். அப்போது கையை நம்ப வேண்டும். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் மூன்றடிக்குச் சற்றுக் கீழே உருண்டையான மரக் கைப்பிடி ஓட்டுங்கள், அறை வாசல் வருகிற இடத்தில் அதில் ஒரு சின்ன வெட்டு.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. இந்த நோயில் ஓரப் பார்வை முதலில் போகும். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், மேலே பளபளப்பு என்றால் எல்லாம் ஒரே பாலாகத் தெரியும். தரையும் சுவரும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும். கதவு நிலை கருமை, சுவர் வெளிர். படி ஓரத்தில் ரெண்டு அங்குலப் பட்டை வேறு நிறத்தில். சுவிட்சு போர்டும் அப்படியே.

சாய்தளம் போடுவதானால் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. உங்கள் ஒன்றரை அடி பேஸ்மட்டத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். இடம் இல்லை என்று எட்டு அடியில் முடித்தால் அது மாட்டு வண்டிக்குத்தான் ஆகும்.

வாசனைக்கு வாசலில் மல்லி, சமையல்கட்டுப் பக்கம் துளசி என்று வைக்கலாம். ஆயா வாசம் பிடித்தே வழி கண்டுகொள்வார்.

---

வெள்ளைக்கோல் (தர்மபுரி) எழுதியது:

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். போனில் படித்துக் காட்டுகிற ஆப் மூலம் இந்தத் திரியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா சொன்னதில் முக்கால்வாசி சரி. கடைசி வரி மட்டும் பார்வை உள்ளவர்களின் கற்பனை. கோபிக்க வேண்டாம்.

வாசனையை வைத்து இடம் பிடிக்க முடியாது. ஆடிக் காற்றில் வாசல் மல்லி கொல்லையில் மணக்கும். சமையல்கட்டில் தாளிக்கிற வாசம் வீடு முழுக்கப் போகும். வாசனை எனக்கு நேரத்தைத்தான் சொல்லும். பக்கத்து வீட்டில் புளிக்குழம்பு கொதித்தால் மணி பன்னிரண்டு, மாங்கூழ் பேக்டரி வாசம் வந்தால் ஜூன் மாதம். மல்லி வையுங்கள், ஆயாவுக்குச் சந்தோஷம். வழிகாட்டியாக நம்பாதீர்கள்.

இன்னொன்று, ரொம்ப அடையாளம் வைத்துக் குழப்பாதீர்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் மஞ்சள் புள்ளிக் கல் இருக்கிறதே, அது ஜப்பானில் செய்யிச்சி மியாகே கண்டுபிடித்தது, 1967-இல் ஒகயாமா ஊரில் முதலில் பதித்தார்கள். அதில் ரெண்டே எழுத்துதான்: கோடு என்றால் போ, புள்ளி என்றால் நில். அதனால்தான் வேலை செய்கிறது. சமீபத்தில் ஒரு ஆபீஸுக்குப் போனேன். அங்கே வரவேற்பறை வரைக்கும் பதித்துவிட்டு அதன்மேலேயே பூந்தொட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் அந்த மஞ்சள் கல்லைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள், வயசானவர்களுக்குக் கால் தட்டும். அக்கா சொன்ன கொத்துக் கல் பட்டையே "நில், இங்கே மாறுகிறது" என்று சொல்லப் போதும். ஆனால் எல்லா வாசலிலும் போட்டால் அதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். பாத்ரூம் வாசல், படி இறங்குகிற இடம், ரெண்டோடு நிறுத்துங்கள். சமையல்கட்டை ஆயா காதிலேயே கண்டுபிடிப்பார்.

காது என்றதும் ஒரு சந்தேகம் வரலாம். எதிரொலி கெட்டது என்று வீடு முழுக்கத் துணியாகத் தொங்கவிட்டால் எனக்கு அது இருட்டு. நடைபாதையில் கொஞ்சம் எதிரொலி வேண்டும். நாக்கைத் தட்டினால், செருப்பைத் தேய்த்தால், சுவர் எவ்வளவு தூரம், வாசல் எங்கே திறந்திருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஹால் மெத்தென்று, நடைபாதை கெட்டியாக, பாத்ரூம் கணீரென்று இருந்தால் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குள் போனதும் காது சொல்லிவிடும். எல்லா அறையும் ஒரே சத்தம் என்றால்தான் ஆபத்து.

சத்தம் போடுகிற பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். பிரிட்ஜ், சுவர்க் கடிகாரம், மோட்டார் ஸ்டார்ட்டர். என் வீட்டில் ஹாலின் கிழக்குச் சுவரில் பெண்டுலக் கடிகாரம் இருக்கிறது. பேட்டரி தீர்ந்து நின்றால் அந்த ஹாலே கொஞ்சம் தொலைந்த மாதிரி இருக்கும். வாசலுக்கு முன்னால் தகரக் கொட்டகையோ வாழையோ இருக்கட்டும், மழை பெய்யும்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே முற்றம் முழுக்க எது எங்கே என்று தெரியும்.

கடைசியாக, எனக்கு அதிகம் அடிபடுவது எங்கே தெரியுமா? பாதி திறந்த கதவு. அதன் விளிம்பு கைக்கும் தட்டாது, கோலுக்கும் தட்டாது, நேராக நெற்றியில்தான். முழுக்கத் திறந்தால் சுவரோடு பிடித்துக்கொள்கிற காந்தக் கொக்கி ஒவ்வொரு கதவுக்கும் போடுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம் சுவருக்குள் நகர்கிற கதவு. ஜன்னல் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கக் கூடாது.

---

கல்லுக்காரர் மகள் எழுதியது:

நடை பற்றி நீங்கள் சொன்னதை இனிமேல் என் டிராயிங்கிலேயே எழுதப்போகிறேன் சார். துளசி யோசனை கேன்சல்.

---

வெண்பட்டு (பாலக்கோடு) எழுதியது:

நமக்குக் கட்டிடக் கணக்கு தெரியாது, பட்டுப்புழுதான் தெரியும். ஆனால் படிக்கப் படிக்க எங்கள் புழு வளர்ப்பு மனை நினைவுக்கு வந்தது. என் வீட்டை விட அந்த மனையைத்தான் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். புழுவுக்கு 24-லிருந்து 28 டிகிரி வேண்டும், காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல். வெயில் நேராக விழக் கூடாது, காற்று வந்து போக வேண்டும். ஊதுபத்திப் புகை, பூச்சி மருந்து வாசம் ஆகவே ஆகாது. மனுஷன் "கொஞ்சம் புழுக்கம்தான்" என்று பொறுத்துக்கொள்வான். புழு பொறுக்காது, செத்துவிடும்.

அதனால் சுற்றிலும் நாலடி வராந்தா விட்டோம். தளத்துக்கு மேலே சுண்ணாம்பு அடித்து, வெயில் காலத்தில் தென்னங்கீற்றுப் பரப்புவோம். ஜன்னலில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்து வைப்போம். இந்தச் சாக்குதான் விஷயம். உள்ளே போனால் சில்லென்று இருக்கும் என்பது ஒன்று. சத்தமும் அடங்கிவிடும். கடைசியான ஐந்தாம் பருவத்தில் புழு மொத்த இலையில் பெரும்பங்கைத் தின்னும், அப்போது மனைக்குள் நின்றால் தூறல் மழை மாதிரி கேட்கும். முந்தின பருவங்களில் தோலுரிப்புக்குப் போய்விட்டால் சத்தம் சுத்தமாக நின்றுவிடும். விளக்குப் போடாமலே வாசலில் நின்று கேட்டு, இலை போதுமா போதாதா என்று என் வீட்டுக்காரி சொல்லிவிடுவாள். கூப்பிட்டால் எதிரொலிக்கிற கான்கிரீட் வீட்டை விட்டுவிட்டு எங்கள் அப்பா, மத்தியானம் தூங்க மனைக்குத்தான் போவார், எங்களுக்குத்தான் தொற்று வந்துவிடுமோ என்று பயம்.

தம்பிக்குச் சொல்ல வந்தது இதுதான்: மேற்கும் தெற்கும் வராந்தா இழுத்துவிடுங்கள். வெயில் சுவரில் படாது. ஏப்ரல், மே மாதம் அந்தப் பக்கத் திறப்புகளில் சாக்குப் படுதா. வாங்குகிற விலை ஒன்றுமே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தரம் வெயிலில் காயப்போடாவிட்டால் பூஞ்சைக் காளான் நாற்றம் வரும்.

---

மாந்தோப்பு எழுதியது:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி.

அக்கா கேட்டதற்கு: ஆயாவுக்குச் சர்க்கரை இல்லை. கால் உணர்வு நன்றாக இருக்கிறது, முள் குத்தினால் எந்த மரத்து முள் என்று கூடச் சொல்லுவார்.

வெள்ளைக்கோல் சார் எழுதினதை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதவு விஷயத்தில் "அந்தப் புள்ள சொல்றது நெசம்" என்றார். கூடவே ஒன்று சொன்னார், அதுதான் இப்போது சிக்கல். பழைய வீட்டில் தலைவாசலில் உயரமான வாசற்படி இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும், புது வீட்டிலும் வேண்டும் என்கிறார். தடுக்கி விழுவாரோ என்று அம்மா பயப்படுகிறார். பென்னாகரத்தான் அண்ணனும் திட்டுவார் என்று தெரியும்.

இன்ஜினியரிடம் பேசினேன். டைல்ஸ் மாற்றச் சம்மதம். பால்ஸ் சீலிங்கை எடுத்துவிட்டார், அதற்கு வைத்திருந்த காசு ஆக்சைடு தரைக்குப் போகிறது. வெண்பட்டு அண்ணன் சொன்ன வராந்தா மேற்கில் மட்டும் முடியும், தெற்கில் மரம் இருக்கிறது. ஃபில்லர் ஸ்லாபுக்கு மட்டும் முகம் சுளிக்கிறார். ஒழுகும், பேன் மாட்ட முடியாது என்கிறார். அப்பாவுக்கோ சொந்தக்காரர்கள் வந்து பார்த்து "சீலிங் பூசக் காசு இல்லையா?" என்று கேட்பார்களே என்ற கவலை.

---

பென்னாகரத்தான் எழுதியது:

திட்டலை தம்பி. எங்க அம்மாவும் அப்படித்தான், வாசற்படியில் மஞ்சள் பூசிக் கோலம் போடாமல் காபி குடிக்காது. தலைவாசல் ஒன்றுக்கு மட்டும் வைங்க. ரெண்டு பக்கமும் நிலைக்கட்டையில் கை பிடிக்கத் தோதாக ஒரு உருட்டுக் கட்டை அடிச்சுடுங்க. வேற எந்த அறைக்கும் வேண்டாம்.

---

வெள்ளைக்கோல் எழுதியது:

எனக்கும் சம்மதம். தெரிந்த படி, தினமும் தாண்டுகிற படி தடுக்காது. அதன் உயரத்தைப் பழைய படியின் உயரத்துக்கே வையுங்கள், ஒரு அங்குலம் கூடக் குறைய வேண்டாம். ஆயாவின் கால் அந்த அளவுக்குத்தான் தூக்கும்.

---

கல்லுக்காரர் மகள் எழுதியது:

பழைய படியை இப்போதே டேப் வைத்து அளந்து தச்சரிடம் கொடுத்துவிடுங்கள், நிலை செய்த பிறகு மாற்ற முடியாது. சாய்தளத்தைச் சமையல்கட்டுப் பின்வாசலுக்குக் கொண்டுபோங்கள். வீல்சேர் தேவைப்படுகிற நாள் வந்தால் தலைவாசல் படி குறுக்கே நிற்காது.

தளம் ஒழுகுமா என்பதற்கு: ஓடு தளத்தின் அடிப்பாதியில்தான் இருக்கும், அதற்கு மேல் முழுக் கான்கிரீட் ஓடுகிறது. ஒழுகினால் அது தளத்துக்கு மேல் தட்டு ஓடு பதித்த வேலையும், கான்கிரீட் இறுகத் தண்ணீர் கட்டினதும் சரியில்லாததால்தான், சாதாரணத் தளமும் அப்படி ஒழுகும். ஓட்டை ஊறவைக்காமல் வைத்தால் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். பேன் கொக்கிக்கு ஓடு வராத கம்பிப் பட்டையில் இடம் விட வேண்டும். எந்த அறையில் எங்கே பேன், எங்கே லைட் என்று எலெக்ட்ரீஷியனை வைத்து முதலில் சாக்பீஸில் ஷட்டரிங் பலகையிலேயே குறித்துவிடுங்கள். அப்புறம்தான் ஓடு அடுக்க வேண்டும். பைப்பும் அந்தப் பட்டை வழியாகவே ஓடட்டும்.

உங்கள் இன்ஜினியர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். செய்து பழகாத ஆளைக் கட்டாயப்படுத்தித் தளம் போடுவது நல்லதல்ல. சாதாரணத் தளமே போட்டுவிட்டு, ஜமுக்காளமும் திரையும் கூட ரெண்டு சேர்த்தால் ஹால் சரியாகிவிடும். அப்பாவின் சொந்தக்காரர்கள் பிரச்சினையும் அதில் தீர்ந்தது.

ஓரத் துண்டு கல் வேண்டுமானால் பாலிஷ் போட்டதை எடுக்காதீர்கள், அதன்மேல் உளி வழுக்கும். ஒரு பக்கம் அறுத்தபடியே இருக்கிற துண்டாக, ரெண்டு அங்குலம் கனத்துக்குக் கேளுங்கள். பட்டைக்குத் தேவை பத்தடிக்குள்தான், ஒரு டாட்டா ஏஸில் பாதி கூட நிறையாது. மீதி இடத்தில் திண்ணைக்கும் சேர்த்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

---

மாந்தோப்பு எழுதியது:

சரிக்கா. பழைய படி அளந்துவிட்டேன், ஏழரை அங்குலம். நடுவில் தேய்ந்து ஏழுதான் இருக்கிறது. எதைக் கொடுப்பது?

---

வெள்ளைக்கோல் எழுதியது:

ஏழு. ஆயா நடுவில்தானே தாண்டுகிறார்.